கியூவில் போடும் முன் மெசேஜைத் திறந்து பாருங்கள்

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், ஒருநாள் சில ஆர்டர்கள் மட்டும் கியூவுக்குள் போகாமல் அடம்பிடித்தன. கியூ என்றால், ஒரு புரோகிராம் அனுப்பும் மெசேஜ் இன்னொன்று எடுக்கும் வரை காத்திருக்கும் வரிசை. நாங்கள் பயன்படுத்திய மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எம்க்யூ என்ற கியூ ஒரு மெசேஜுக்கு 4 எம்பி வரைதான் இடம் தரும். அந்த ஆர்டர்களில் இருந்ததோ மூன்றே பொருட்கள். எப்படி 4 எம்பி தாண்டும்?

அனுப்புவதற்காக ஆர்டரை உரையாக மாற்றும் வேலைதான் சீரியலைஸ். அப்படிக் கிடைத்த எக்ஸ்எம்எல்லை, அதாவது ஒவ்வொரு தகவலையும் டேக் என்ற பெயர்க்குறிகளுக்கு நடுவே வைக்கும் உரையை, ஃபைலில் எழுதித் திறந்தோம். ஆர்டருக்குள் பொருள், பொருளுக்குள் அதன் படம். அதற்கு முந்தின நாள்தான் யாரோ படங்களைப் பெரிய அளவில் மாற்றியிருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து சுமார் 3.2 எம்பி. பைட்டுகள் எக்ஸ்எம்எல்லுக்குள் பேஸ்64 எழுத்துகளாகத்தான் (மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து) போகும், மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆக 4.2 எம்பிக்கு மேல். சீரியலைசரைக் குறை சொல்ல முடியாது. கையில் கொடுத்ததை அடியோடு அள்ளிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

கோடில் படத்துக்கு மேலே, 'இதைச் சேர்க்காதே' என்று சீரியலைசருக்குச் சொல்லும் 'எக்ஸ்எம்எல்இக்னோர்' போட்டு அன்றைக்குத் தப்பித்தோம். அப்புறம் மெசேஜுக்கென்று தனி கிளாஸ் எழுதினோம்: ஆர்டர் எண், பொருள் எண், எண்ணிக்கை, விலை. அவ்வளவுதான். டேட்டாபேஸ் கிளாஸை நேரடியாக அனுப்பினால், அதில் யார் எதை மாற்றினாலும் கியூவில் காத்திருக்கும் பழைய மெசேஜ்களும் சிக்கிக்கொள்ளும்.

என்கோடிங்கையும், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறையையும், கவனியுங்கள். டாட்நெட்டில் ஸ்ட்ரிங்ரைட்டர் (உரையை மெமரியில் எழுதும் கிளாஸ்) வழியாக எழுதினால் தலைப்பு வரியில் யூடிஎஃப்-16 என்று வரும். அதை அப்படியே யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி அனுப்பினால், வாங்கும் பக்கம் பிழை வர வாய்ப்பு அதிகம். யூடிஎஃப்-16 ஆகவே அனுப்பினால் ஆங்கில டேக்குகள் இரண்டு மடங்கு. நேராக ஸ்ட்ரீமில் யூடிஎஃப்-8 எழுதிவிடுங்கள். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் அதில் 3 பைட் எடுக்கும், யூடிஎஃப்-16இல் 2தான். ஆனாலும் டேக்குகளே அதிகம் என்பதால் பெரும்பாலும் லாபம்தான். வரிகளை அழகாகத் தள்ளி எழுதும் இன்டென்ட்டையும் நிறுத்துங்கள், கியூவில் யாரும் அழகு பார்ப்பதில்லை.

ஜிஸிப் வைத்துச் சுருக்கினால்? டேக்குகள் திரும்பத் திரும்ப வருவதால் எக்ஸ்எம்எல் நன்றாகவே சுருங்கும். ஆனால் ஜிஸிப்பின் சொந்தச் சுமையே 18 பைட். நூறு இருநூறு பைட் மெசேஜுக்கு அது வீண்வேலை. உரையை மட்டும் ஏற்கும் கியூ என்றால் மறுபடி பேஸ்64, சுருக்கியதில் ஒரு பகுதி திரும்பிவிடும். சுருக்கியிருக்கிறோம் என்பதை மெசேஜோடு போகும் ப்ராப்பர்ட்டியில் (கூடுதல் குறிப்பில்) குறித்து வையுங்கள். சின்ன மெசேஜும் விரித்தால் மிகப் பெரிதாகிவிடலாம், அதனால் விரிக்கும் பக்கம் அளவுக்கு உச்சவரம்பும் வேண்டும்.

இன்னொன்று: டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்சீரியலைசரை ரூட் பெயர் (எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் வெளி டேக்கின் பெயர்) கொடுத்து ஒவ்வொரு மெசேஜுக்கும் புதிதாக உருவாக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புது அசெம்ப்ளி (கம்பைல் ஆன கோடுத் தொகுப்பு) உருவாகி மெமரியிலேயே தங்கிவிடும். ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால் போதும்.

சரி, படமும் போயே ஆக வேண்டும் என்றால்? ஃபைலை வெளியே சேமித்து முகவரியை மட்டும் அனுப்பலாம். நாங்களும் அப்படித்தான் செய்தோம், வாங்கும் பக்கம் படித்த கையோடு ஃபைலை அழித்தோம். நடுவில் ஒரு பிழை வந்து மெசேஜ் கியூவுக்குத் திரும்பியது. மறுபடி எடுத்தபோது முகவரி இருந்தது, ஃபைல் இல்லை. இப்போது சில நாட்கள் கழித்துத்தான் அழிக்கிறோம்.