குழுவில் போட்டுவிட்டால் பாடம் நடந்துவிடுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுக்கள்தான் கைகொடுத்தன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் அப்படியே. பாடசாலைகள் ஒழுங்காக நடக்கும் இந்தக் காலத்திலும் அவை போகவில்லை. வகுப்பில் சொல்லாமல் விட்டதை இரவில் குழுவில் போடுவது ஆசிரியர்களுக்குப் பழகிவிட்டது.

லயத்து வீடுகள் பலவற்றில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன்தான். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்தால் போனும் அங்கேதான். இரவு அனுப்பிய செயலட்டையை ஏன் செய்யவில்லை என்று காலையில் கேட்டால், "மறந்துட்டேன் டீச்சர்" என்று பிள்ளை தலைகுனியும். வீட்டில் போன் இல்லை என்பதை வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. ஆசிரியர்களே, தயவுசெய்து வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குழுவில் போடுவது அதற்கு அப்புறம்.

போன் உள்ள பிள்ளைகளின் பிரச்சினை வேறு. ஒருவர் விடையைப் படம் பிடித்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லோர் கொப்பியிலும் அதே விடை, அதே எழுத்துப்பிழை. கேட்டதும் விடை எழுதித் தரும் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. கொப்பி நிறைகிறது, ஆனால் சாதாரண தரப் பரீட்சைத் தாளில் "காரணம் தருக" என்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதனால் நான் ஊரை வைத்தே கேள்வி கேட்கிறேன். தேயிலைக்குப் போடும் பசளை மழையில் கழுவுப்பட்டு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்தால் பாசிக்கு என்ன ஆகும்? அந்தப் பாசி செத்து அழுகும்போது மீனுக்கு ஏன் ஒட்சிசன் குறைகிறது? விடையை எழுதி வந்தால் போதாது, எழுந்து நின்று சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும். திக்கித் திக்கிச் சொன்னாலும் சரி, அப்போதுதான் பிள்ளை யோசிக்கிறது.

யூடியூபில் தமிழில் தேடினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டக் காணொளிகளே நிறைய வருகின்றன. விளக்கம் நல்லதுதான், ஆனால் பாட ஒழுங்கும் பரீட்சை கேட்கும் விதமும் வேறு. நம் பாடத்திட்டத்துக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைக் காட்டுங்கள். மழை நாளில் சிக்னல் குறைந்துபோகும் தோட்டங்களுக்குக் காணொளியை விடச் சின்னக் குரல்பதிவு மேல்.

பெற்றோரிடம் "போனைப் பறித்து வையுங்கள்" என்று நான் சொல்வதில்லை. அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்ய, பாட்டியோடு வளரும் பிள்ளைக்கு அந்தப் போனில்தான் அம்மா முகம் தெரிகிறது. அம்மாவோடு பேசி முடிந்ததும் போன் பாட்டியின் தலைமாட்டுக்குப் போகட்டும். நள்ளிரவு வரை டிக்டொக் பார்த்த பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கிவிடுகிறது.

டிக்டொக்குக்கும் பேஸ்புக்குக்கும் குறைந்தபட்ச வயது 13. தரம் 5 பிள்ளைகளும் பெரியவர்களின் கணக்கில் சீருடையோடு வீடியோ போடுகிறார்கள். பாடசாலைப் பெயர் அதில் தெரிகிறது, முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்புகிறார்கள். அப்படி ஏதும் வந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை மறைத்துவிடும். வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.