"ஊக்கமில்லை" என்று எழுதுவதற்கு முன்

"பிள்ளை கெட்டிக்காரன், ஆனால் ஊக்கமில்லை" என்ற வரியை மாணவர் அறிக்கைகளில் நானே பலமுறை எழுதியிருக்கிறேன். கொழும்பில் ஆசிரியர்களுக்குக் கல்வி உளவியல் கற்பித்துக்கொண்டே மாணவர் ஊக்கல் பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கிய பிறகுதான், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல நிலைகளை அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடுகிறோம் என்பது உறைத்தது.

முன்னோடி ஆய்வுக்காக, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நடக்கும் மாலை நேர ரியூசன் வகுப்பில், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்துடன், உயர்தர (ஏ எல்) மாணவர் சிலரிடம் வினாக்கொத்தைக் கொடுத்தேன். வலரண்டும் சகாக்களும் 1992 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கல்வி ஊக்கல் அளவுத்திட்டத்தைத் தழுவிய 28 கூற்றுகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு மாணவி சில நிமிடங்களிலேயே தாளைத் திருப்பித் தந்தாள். 28 இடத்திலும் 4. ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

"மிஸ், எதைப் போட்டாலும் அம்மாட்ட போகும்தானே. நடுவில போட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

பதில்கள் இரகசியமாகப் பேணப்படும் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தேன். தவணைப் புள்ளிகளோடு ஒப்பிடுவதற்காக அதே பக்கத்தில், மாணவர் யாரென்று காட்டிவிடும் சேர்விலக்கத்துக்கும் ஒரு கட்டம் விட்டிருந்தேன். அவள் வாக்குறுதியை நம்பாமல் கட்டத்தை நம்பினாள். வினாக்கொத்தின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் குரோன்பாக் அல்ஃபா என்ற எண் இந்தப் பயத்தைக் காட்டித் தராது. ஒரே எண்ணை வரிசையாக இடுவோர் கூடினால் அந்தப் பெறுமானம் உண்மையைவிட உயர்ந்துகூடத் தெரியலாம்.

உளவியலாளர்கள் டெசியும் ரயனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு, ஊக்கலை 'உண்டு, இல்லை' என்று பிரிக்காமல், எந்த நோக்கமும் இல்லாத நிலை, தண்டனைக்கோ பரிசுக்கோ படிக்கும் நிலை, குற்றவுணர்வால் படிக்கும் நிலை, பயனை உணர்ந்து படிக்கும் நிலை, படிப்பின் சுவைக்காகவே படிக்கும் நிலை என்று தரம் பிரிக்கிறது. "ஏ எடுத்தால் புது போன்" என்று பேரம் பேசும் பெற்றோர் உளவியலாளர் லெப்பர் குழுவினரின் 1973 ஆம் ஆண்டுப் பரிசோதனையை அறிந்துகொள்வது நல்லது: படம் வரைவதை விரும்பிய பாலர்களுக்கு முன்கூட்டியே பரிசு பேசி வரையச் செய்தபோது, பின்னர் தாமாக வரைவதில் அவர்கள் செலவிட்ட நேரம் மற்றப் பிள்ளைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது "பெற்றோருக்காகப் படிக்கிறேன்" என்று நான் சேர்த்திருந்த கூற்று. பாடநூல் கண்ணுக்கு அது குற்றவுணர்வின் பக்கம் சாயும். ஆனால் ஷீனா ஐயங்காரும் லெப்பரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 9 வயது வரையான ஆசிய வம்சாவளி அமெரிக்கச் சிறுவர்கள், தாங்கள் தெரிவுசெய்த சொற்புதிரைவிடத் தாய் தெரிவுசெய்ததாகச் சொல்லப்பட்ட புதிரிலேயே கூடுதல் நேரம் ஈடுபட்டார்கள். வெளிநாட்டில் உழைக்கும் தகப்பனை நினைத்துப் படிக்கும் பிள்ளை, அடியை நினைத்துப் படிக்கும் பிள்ளை ஆகிய இருவரும் 7 என்ற ஒரே எண்ணைத்தான் இடுவார்கள்.

இன்னொரு மாணவன் பௌதிகவியலைக் கைவிட்டிருந்தான். சோம்பல் என்றார்கள். பேசிப் பார்த்ததில், கொழும்பு மாவட்டத்தில் மருத்துவ பீட அனுமதிக்கான வெட்டுப்புள்ளியையும் தன் தவணைப் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியை மூடியிருக்கிறான். அவனுக்குப் பாடத்தில் விருப்பம் இருந்தது. எட்டலாம் என்ற நம்பிக்கைதான் போயிருந்தது. அவனை மேடைப் பேச்சாளரிடம் கூட்டிச் செல்வதில் பயனில்லை (நமது ஊக்குவிப்புக் கருத்தரங்குகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன). எட்டக்கூடிய அளவில் ஒரு வாரத்துக்கு ஒரு அலகு என்று பிரித்துக் கொடுத்து, திருத்திய தாளை மறுநாளே கையில் கொடுக்கும் ஓர் ஆசிரியர் அவனுக்குத் தேவைப்பட்டார்.

இரண்டாம் சுற்றில் சேர்விலக்கக் கட்டத்தை எடுத்துவிட்டேன். புள்ளிகளோடு ஒப்பிடும் பகுதியும் அதோடு போயிற்று. அந்தப் பெற்றோர் கூற்றின் கீழே மட்டும் இரண்டு வெற்று வரிகள் விட்டேன். ஒரு தாளில் இப்படி இருந்தது: "அப்பா கட்டாரில. ஏ எல் அவருக்காக. பயோ எனக்காக." அதை எந்த உபபிரிவில் சேர்ப்பது என்று நானும் என் மேற்பார்வையாளரும் இன்னும் முடிவு செய்யவில்லை.