குஞ்சு எடுத்தாச்சு சரி, நோட்டு எங்க தம்பி?

போன ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி பதினோரு மணி இருக்கும், பெரம்பூர்லேந்து ஒரு தம்பி வீடியோ கால் பண்ணான். "அண்ணா, குகைக்குள்ள பாருங்கண்ணா, முட்டை!" டார்ச்ச நேரா அடிக்காதடா, ஆண் மிரண்டு முட்டைய வெளிய தள்ளிடும்னு கத்தினேன். சைடுல திருப்பிக் காட்டினான். தொட்டியில வச்ச களிமண் குகைக்குள்ள கருப்பு வெள்ளைக் கோடு போட்ட ஆண் ஜீப்ரா ப்ளெக்கோ, அதாவது ஒரு குட்டிக் கெளுத்தி, ஆள்காட்டி விரல் நீளம் கூட இருக்காது, வாசல அடைச்சிக்கிட்டு வாலால விசிறிட்டே இருக்கு, அதோட வயித்துக்குக் கீழ வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளிர் மஞ்சள்ல ஒரு கொத்து. பதினொன்னோ பன்னண்டோ.

நான் ஃபிஷரீஸ் படிச்சிட்டு பதினஞ்சு வருஷமா கொளத்தூர், மாதவரம் பக்கம் கலர் மீன் பண்ணைங்களுக்கு தண்ணி டெஸ்ட், நோய்னு போய்ட்டு வர்ற ஆளு. எனக்கு வர்ற கால் முக்காவாசி "சார் எல்லாம் செத்து மெதக்குது"ன்னுதான் இருக்கும், அதனால முட்டைன்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா நான் கேட்ட மொத கேள்வி, "இதோட அப்பன் ஆத்தா எங்கேந்து வந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?" பையன் மூஞ்சி சுருங்கிடுச்சு. "என்னண்ணா எஃப்.ஐ.ஆர் போடற மாதிரி கேக்கறீங்க?"

ஏன் கேட்டேன்னு சொல்றேன். இந்த மீன் உலகத்துலயே பிரேசில்ல ஷிங்கு ஆத்துல மட்டும்தான் இருக்கு, அதுவும் ஆறு வளைஞ்சு போற ஒரு பகுதியில, பாறை இடுக்குல. 1991-ல தான் இதுக்கு அறிவியல் பேரே வச்சாங்க. அந்த ஆத்துல பெலோ மான்ட்டேன்னு பெரிய அணை கட்டி 2016-லேந்து கரண்ட் எடுக்கறாங்க, தண்ணிய வேற பக்கம் திருப்பிட்டதால அந்த வளைவுல ஓட்டம் கொறஞ்சு போச்சு. ஏற்றுமதிக்கு பிரேசில் 2004-லயே தடை போட்டுச்சு, ஆனாலும் பக்கத்து நாடு வழியா கடத்தல் நடந்துட்டேதான் இருந்துச்சு. 2022-ல சைட்டிஸ், அதாவது அரிய உயிரினங்களோட உலக வியாபாரத்துக்கு கடிவாளம் போடற ஒப்பந்தம், அதோட ரெண்டாவது பட்டியல்லயும் சேத்துட்டாங்க. இன்னொரு பக்கம் பார்த்தா இந்தோனேசியா, ஜெர்மனின்னு தொட்டியில பொறந்த ஜீப்ரா ஏகப்பட்டது இருக்கு. அப்போ மீன் தப்பிச்சிடுச்சா?

இதுக்கு பதில் வேணும்னா கொளத்தூர் கடைத்தெருவுக்கே வாங்க. சின்னப் பசங்க "ஷார்க் வேணும்"னு அழுது வாங்கிட்டுப் போற மீன் இருக்கே, அது ஷார்க்கே இல்ல, தென்கிழக்கு ஆசியாவுல ஓடற மீகாங் ஆத்துக் கெளுத்தி, பங்காசியஸ். ஹோட்டல்ல பாசா ஃபிஷ் ஃபிங்கர்னு சாப்பிடறதும் முக்காவாசி இதேதான். நாலடிக்கும் மேல வளரக்கூடிய மீன ரெண்டடி தொட்டிக்கு விக்கறாங்க, அத பத்தி பேச ஆரம்பிச்சா இன்னொரு கட்டுரை ஆயிடும். விஷயம் என்னன்னா, பண்ணையில கோடிக்கணக்குல இருக்கற இந்த மீன் காட்டு ஆத்துல அழியற நிலையில இருக்குன்னு ஐ.யு.சி.என் அமைப்போட சிவப்புப் பட்டியல் சொல்லுது. அதோட சொந்தக்கார மீகாங் ராட்சசக் கெளுத்தி, 2005-ல தாய்லாந்துல 293 கிலோல ஒன்னு புடிச்சாங்களே அது, இன்னும் மோசமான நிலைமை. அதயும் 1980கள்லேந்து ஹார்மோன் ஊசி போட்டு குஞ்சு எடுத்துட்டுதான் இருக்காங்க. ஆக, தொட்டியில எண்ணிக்கை ஏறினா ஆத்துல ஏறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

அப்புறம் நாம எதுக்கு வளக்கறோம்? ஆறு ஒரு நாள் சரியாகற வரைக்கும் சுத்தமான வம்சத்த கையில வச்சிருக்கறதுக்கு. 2004-ல அமெரிக்காவுல கிளாடியா டிக்கின்சன்னு ஒரு அம்மா ஆரம்பிச்ச கேர்ஸ் திட்டத்தோட அடிப்படையும் இதான், வீட்ல மீன் வளக்கறவங்க ஆளுக்கு ஒரு அரிய வகைய பொறுப்பா எடுத்துக்கறது. இதுல சுத்தமான வம்சம்ங்கறதுதான் நம்மாளுங்க கோட்டை விடற இடம்.

ரெண்டு வருஷம் முன்னாடி வில்லிவாக்கம் பக்கம் ஒருத்தர் "ஜீப்ரா குஞ்சு சார், பாருங்க"ன்னு காட்டினாரு. கோடு நேரா வராம ஒடிஞ்சு ஒடிஞ்சு புழு நெளியற மாதிரி இருந்துச்சு. கேட்டா, பொட்டை கிடைக்கலைன்னு அதே ஹைபான்சிஸ்ட்ரஸ் பேரினத்துல (ஜீனஸ்) வேற எல் நம்பர் பொட்டைய விட்ருக்காரு. (எல் நம்பர்னா, பேரு வைக்காத ப்ளெக்கோங்களுக்கு ஒரு ஜெர்மன் பத்திரிகை 1988-லேந்து குடுத்துட்டு வர்ற வரிசை எண், நம்ம ஜீப்ரா எல் 46.) அழகாத்தான் இருந்துச்சு, வித்தும் போச்சு. வாங்கினவன் அத ஜீப்ரான்னு நம்பி இன்னொரு ஜீப்ராவோட விடுவான், மூணாவது தலைமுறையில யாருக்கும் கண்ல தெரியாது. நம்மூர் மாகூர் கெளுத்திக்கு நடந்ததும் இதான். மாகூருக்கு ஆண அறுத்துதான் விந்து எடுக்கணும், செலவும் ஜாஸ்தி வளர்ச்சியும் மெதுவு, அதனால தடை பண்ணின ஆப்பிரிக்க கெளுத்தியோட கலந்து வேகமா வளர்ற குஞ்ச மாகூர்னே வித்துட்டாங்க, இன்னிக்கு மாகூர் அழியற பட்டியல்ல இருக்கு.

அடுத்தது கணக்கு. ஒரு ஆண் போதும், அஞ்சு பொட்டை விட்டா நெறைய குஞ்சு கிடைக்கும்னு நெனைக்கறாங்க. கிடைக்கும், ஆனா பொறக்கற எல்லாத்துக்கும் ஒரே அப்பன். வம்சத்துக்கு நெஜமா எத்தன மீன் கணக்குல வரும்னு பாக்க, ஆண் எண்ணிக்கையையும் பொட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அத நாலால பெருக்கி, மொத்தத்தால வகுத்துப் பாருங்க. ஒன்னும் அஞ்சும்னா 20-ஐ 6-ஆல வகுக்கணும், 3.3 தான் வரும். அதாவது ஆறு மீனுக்கு சோறு போட்டு மூணு மீனோட வம்சத்ததான் காப்பாத்தறீங்க. மூணு மூணுன்னா முழுசா 6. இத சொன்னப்போ பெரம்பூர் தம்பி அடுத்த மாசமே இன்னொரு ஆண் தேட ஆரம்பிச்சான்.

தண்ணி விஷயத்துல அவன் கெட்டிக்காரன். சென்னையில பல எடத்துல போர் தண்ணி டி.டி.எஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்போட அளவு, ஆயிரத்த தாண்டுது, இந்த மீனுக்கு மிருதுவான தண்ணி வேணும், ஆர்.ஓ போட்டா பாதி தண்ணி சாக்கடைக்குப் போவுது. இவன் ஐப்பசி கார்த்திகையில மொட்டை மாடில மொத மழைய வழிய விட்டுட்டு அப்புறம் வர்றத டிரம்முல புடிச்சு மூடி வச்சிக்கறான். மீட்டர்ல 20 காட்டுது. பத்து லிட்டர் மழைத்தண்ணிக்கு ஒன்னேகால் லிட்டர் போர் தண்ணி கலந்தா 140 கிட்ட வந்து நிக்குது. சூடு நமக்கு பிரச்சனையே இல்ல, 29, 30 டிகிரி அதுக்குப் புடிச்சதுதான், ஆனா சூடான தண்ணியில ஆக்ஸிஜன் கம்மியா நிக்கும், ஏர் பம்ப் நின்னா அவ்ளோதான்.

அது எனக்கு நல்லாவே தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. பேட்டரி பம்பு மொத ராத்திரியோட உசுர விட்டுச்சு, அப்புறம் நானும் என் பொண்டாட்டியும் மாறி மாறி மக்குல தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினோம். மூணாவது நாள் காலைல டார்ச் அடிச்சுப் பார்த்தா குகை வாசல்ல எல்லாம் வெளிறிப்போய் கெடந்துச்சு. நாலு வருஷமா சேத்த இருபத்திமூணு மீன். வெலை ஏறட்டும்னு ஒரு குஞ்சு கூட யாருக்கும் குடுக்காம வச்சிருந்தேன். ரெண்டு பேருக்கு குடுத்திருந்தா அந்த வம்சம் இன்னிக்கு தாம்பரத்துலயோ அண்ணா நகர்லயோ நீந்திட்டு இருந்திருக்கும்.

கூட ரெண்டு விஷயம். தொட்டியில எடம் இல்லன்னு ஏரியில விடாதீங்க, கூவத்துல விட்டாலும் தப்புதான். நம்ம ஏரிங்கள்ல வலைய கிழிச்சிட்டு இருக்கற முள்ளு உடம்பு டேங்க் க்ளீனர் எல்லாம் யாரோ ஒருத்தர் பாவம் பார்த்து விட்டதோட பேரப் புள்ளைங்க. இன்னொன்னு பேப்பர். வனவிலங்கு சட்டத்துக்கு 2022-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் சைட்டிஸ் அட்டவணையில இருக்கற உயிரினம் கையில இருந்தா பரிவேஷ்ங்கற அரசாங்க போர்ட்டல்ல பதியணும், குஞ்சு பொறந்தாலும் கை மாறினாலும் சொல்லணும். உங்க மீன் அதுல வருதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க, பில்லு இல்லாம வாங்காதீங்க.

பெரம்பூர்ல முட்டை ஆறாவது நாள் பொரிஞ்சுது, மஞ்சக்கரு வயித்தோட குஞ்சுங்க இன்னும் ரெண்டு வாரம் அப்பன் காவல்லயே இருந்துச்சு, அப்புறம் ஆர்டீமியா, குஞ்சுக்குப் போடற பொடி இறால். ரெண்டு போச்சு, ஒம்போது நின்னுச்சு. தை பொறந்ததும் ரெண்டரை சென்டிமீட்டர் வந்திருக்குன்னு மூணு மூணா ரெண்டு பேருக்கு குடுத்தான், ஒருத்தர் அம்பத்தூர், ஒருத்தர் வேளச்சேரி மூணாவது மாடி. குடுக்கறப்போ நாப்பது பக்க நோட்டு ஒன்னும் சேத்துக் குடுத்தான், மொத பக்கத்துல அப்பன் ஆத்தா வாங்கின தேதி, பில் நம்பர், முட்டை போட்ட தேதி. வேளச்சேரிக்காரர் எனக்கு போன் பண்ணி, "சார், மீனுக்கு நோட்டெல்லாம் போடணுமா, பையன் ஒரு மாதிரியா இருக்கானே"ன்னாரு. ரெண்டாவது பக்கத்துல இன்னிக்கு தேதிய போடுங்க சார், தண்ணி டி.டி.எஸ் எவ்ளோன்னேன்.