சேதாரத்தைக் குறைக்கும் பழச்சாறு

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின் மாத்திரையை 40 மில்லிகிராம் விழுங்கினால், செயல்படும் மருந்தாக ரத்த ஓட்டத்துக்கு வந்து சேர்வது 2 மில்லிகிராம்கூட இருக்காது. மீதியைக் குடல் சுவரும் கல்லீரலும் வழியிலேயே மடக்கிவிடுகின்றன. கல்லீரல் பிடித்துக்கொள்வதில் நமக்கு நஷ்டமில்லை. உடம்பின் கொலஸ்ட்ரால் பெருமளவு உற்பத்தியாவது அங்கேதான், மருந்துக்கு வேலையும் அங்கேதான். குடலில் உடைந்துபோவதுதான் சேதாரம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் மாத்திரையின் அளவை வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தச் சேதாரம் திடீரென்று நின்றுபோனால்?

1980களின் இறுதியில் கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்னவாகும் என்று சோதித்தது. மதுவின் சுவை தெரியாமலிருக்க, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். பார்த்தால், மது குடித்தவர், குடிக்காதவர் இரு தரப்பினரின் ரத்தத்திலும் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சந்தேகப்பட்ட பெய்லி தானே மருந்தை ஒருமுறை தண்ணீரோடும் ஒருமுறை சாற்றோடும் விழுங்கிப் பார்த்தார். குற்றவாளி சாறுதான். சுவையை மறைக்க ஊற்றியது ஒரு பெரிய கண்டுபிடிப்பாகிவிட்டது!

குடல் சுவரின் செல்களில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. உள்ளே வரும் அந்நியப் பொருள்களை உடைப்பது அதன் வேலை. சிம்வாஸ்டாட்டினையும் அதுதான் உடைக்கிறது. கிரேப்ஃப்ரூட்டில் ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. நொதி வழக்கம்போல அவற்றையும் உடைக்கப் போகிறது. உடைக்கும்போது உருவாகும் துண்டு நொதியின் மேலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. கடித்த எலும்பு தொண்டையில் சிக்கிய கதைதான். அந்த நொதி இனி எதற்கும் உதவாது. செல் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும், அதற்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகலாம். 'காலையில் சாறு, ராத்திரி மாத்திரை' என்று பிரித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்பது ஆகவே தவறான கணக்கு.

பின்லாந்தில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில், இருமடங்கு அடர்த்தியான சாற்றை நாளுக்கு மூன்று வேளை குடித்தவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் அளவு ஏறக்குறைய 16 மடங்கு உயர்ந்தது. அப்படி யார் குடிக்கிறார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். சாதாரணச் சாறு தினம் ஒரு டம்ளர் என்று பார்த்தபோது உயர்வு மூன்றரை மடங்கு. அதுவும் சின்ன விஷயமில்லை. மிகுதியான மருந்து தசையைத் தாக்குகிறது. முதலில் வலி, சோர்வு. அரிதாகத் தசைச் செல்கள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அப்போது சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும்.

இன்னொரு ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டினுக்கும் இதே கதிதான். அடார்வாஸ்டாட்டினுக்குப் பாதிப்பு குறைவு. மருந்துக் குறிப்பேடு எச்சரிப்பது நாளுக்கு 1.2 லிட்டருக்கு மேல் சாறு குடிப்பதைத்தான். ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின்கள் இரண்டும் இந்த நொதியை நம்பியில்லை. பழங்களில் பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட் வகையறாதான். சாதாரண ஆரஞ்சு சாப்பிடலாம்.

எல்லாமே அளவைக் கூட்டுவதில்லை. லோவாஸ்டாட்டினை வெறும் வயிற்றில் போட்டால் மருந்து குறைவாகவே சேரும், சாப்பாட்டோடு போட வேண்டும். ஆனால் ஓட்ஸ் தவிடு, பெக்டின் போன்ற நார்ச்சத்தோடு சேர்த்துப் போட்டால் அவை மருந்தைக் குடலிலேயே இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினியமும் மெக்னீசியமும் உள்ள நெஞ்செரிச்சல் மருந்து ரோசுவாஸ்டாட்டினைப் பாதியாகக் குறைக்கிறது. ரோசுவாஸ்டாட்டினைப் போட்டு குறைந்தது 2 மணி நேரம் கழித்து நெஞ்செரிச்சல் மருந்தை எடுத்துக்கொண்டால் போதும்.

என்னை அதிகம் உறுத்துவது, இயற்கை வைத்தியம் என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதிலுள்ள மோனகோலின் கே வேறொன்றுமில்லை, லோவாஸ்டாட்டினேதான். ஏற்கெனவே ஸ்டாட்டின் போடுபவர் இதையும் விழுங்கினால், டாக்டருக்குத் தெரியாமல் இரண்டாவது ஸ்டாட்டினையும் சேர்த்து எடுக்கிறார்.

கிரேப்ஃப்ரூட்டை விட மனமில்லாதவர்கள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அந்த நொதியோடு தொடர்பில்லாத ஸ்டாட்டினுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.