"இந்தக் காலுக்கு எவ்வளவு வரும் மிஸ்?"

ஒபிசுக்கு வாற ஆக்கள்ல பாதிப்பேர் கதிரையில இருக்க முதலே அந்தப் பெரிய மஞ்சள் கவரில இருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து லைட்டுக்கு நேரா பிடிச்சுக் காட்டிப்போட்டுத்தான் கதையைத் தொடங்குவினம். போன மாசமும் ஒரு அக்கா தம்பலகாமத்தில இருந்து வந்தவ, மனுசனை வான் அடிச்சு முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிஞ்சு பிளேட் வச்சிருக்கு. படத்தை மேசையில வச்சிட்டு முதல் கேட்ட கேள்வியே "இந்தக் காலுக்கு எவ்வளவு வரும் மிஸ்?"

நான் திருகோணமலை கோட்டில சிவில் வழக்குச் செய்யிற ஆள், இந்தக் கேள்வியை எத்தனை தரம் கேட்டிருப்பன் எண்டு கணக்கில்ல. காலுக்கு இவ்வளவு கைக்கு இவ்வளவு எண்டு ஒரு விலைப்பட்டியல் சிவில் கோட்டில இல்ல. அப்பிடி ஒரு அட்டவணை இருக்கிறது 1934ஆம் ஆண்டு வந்த வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில, விரல் போனால் இத்தனை வீதம் கை போனால் இத்தனை வீதம் எண்டு, ஆனா அது வேலை சம்பந்தமா நடந்த விபத்துக்கு. 2022ல அதைத் திருத்தி வேலைக்குப் போற வழியில, வேலை முடிஞ்சு வாற வழியில நடக்கிற விபத்தையும் உள்ளுக்கு எடுத்திருக்கினம், அதனால சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆள் எண்டால் நான் முதல் கேக்கிறது "எங்க போகேக்குள்ள அடிபட்டது?" எண்டுதான். மற்றப்படி றோட்டு விபத்துக்கு நட்டஈடு எண்டிறது இந்த ஆளுக்கு இந்தக் காயத்தால என்ன இல்லாமப் போச்சு எண்டிறதைக் காசில காட்டிற கணக்கு, அதைக் காட்ட வேண்டியது நாங்கள், வான்காரன் இல்ல.

கணக்குக்குப் போக முதல் ஒரு விசயம். அடிபட்டு முதல் கிழமையிலயே வாகனத்துக்காரன் ஆஸ்பத்திரிக்கு வருவான், கையில திராட்சைப்பழமும் மா பக்கெட்டும், பொக்கெட்டில ஒரு என்வலப், அதுக்குள்ள 25,000 இல்லாட்டி 50,000. நல்ல மனுசனாவும் இருக்கலாம், நான் எல்லாரையும் குறை சொல்லேல்ல. ஆனா பின்னால ஒரு கடுதாசி வரும், "இனி இந்த விபத்து சம்பந்தமா எந்த உரிமைக்கோரிக்கையும் இல்லை" எண்டு. வீட்டில அடுப்பு எரிய வேணும், ஆரும் கையெழுத்து வச்சிடுவினம். காசு தேவை எண்டால் வாங்குங்க, பிழை இல்ல, ஆனா றிசீட்டில "வைத்தியச் செலவுக்காக, ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன்" எண்டு எழுதி வாங்குங்க. அந்த ஒரு வரியால பிறகு எனக்கு வேலை பாதி குறையும். பொலிசில குடுக்கிற வாக்குமூலமும் அப்பிடித்தான், சிங்களத்தில எழுதினதை வாசிக்கத் தெரியாமக் கையெழுத்துப் போட்டிட்டு வந்து "நான் அப்பிடிச் சொல்லவே இல்ல மிஸ்" எண்டு சொல்லுற ஆக்கள் எத்தனை பேர். வடக்கு கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, அரசியலமைப்பின்ர மொழி அத்தியாயத்திலயே இருக்கு, தமிழில எழுதச் சொல்லிக் கேக்கலாம், கேக்கவும் வேணும்.

சரி கணக்கு. ஒரு மேசனை எடுத்துக்கொள்ளுவம், வயசு 38, நாள் கூலி 3,500, மாசம் 22 நாள் வேலை எண்டால் 77,000. அடிபட்டு 5 மாசம் வேலையே இல்ல, அது 3 லட்சத்து 85 ஆயிரம். இதுதான் எல்லாரும் போடுற கணக்கு, இதோட நிண்டிடுவினம். ஆனா காலில பிளேட் வச்ச மேசன் திரும்பிப் போய் சாரத்தில ஏறுவாரா? ஏற மாட்டார். கீழ நிண்டு சின்னச் சின்ன வேலை பாத்து நாளுக்கு 2,000 எடுக்கிறார் எண்டு வைங்க, மாசம் 44,000. அப்ப மாசத்துக்கு 33,000 குறையுது, வருசத்துக்கு 3 லட்சத்து 96 ஆயிரம். 58 வயசு வரைக்கும் இன்னும் 20 வருசம், பெருக்கினால் 79 லட்சத்து 20 ஆயிரம் வரும். இதைக் கேட்ட உடன ஆக்களுக்கு முகம் வெளிக்கும், நான் உடன அதைக் குறைக்கத் தொடங்குவன்.

ஏனெண்டால் 20 வருசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரவேண்டிய காசை இண்டைக்கே மொத்தமாக் கையில தாறாங்கள், அதை பேங்கில போட்டால் வட்டி வரும், அதனால அதின்ர இண்டைய பெறுமதி எவ்வளவு எண்டுதான் பாக்க வேணும். 10 வீதம் எண்டு வச்சுப் பாத்தால் அந்த 3 லட்சத்து 96 ஆயிரத்தை 20ஆல பெருக்கக் கூடாது, கிட்டத்தட்ட 8.5ஆல பெருக்க வேணும். 33 லட்சத்து 66 ஆயிரம். அந்த 10 வீதம் நான் உதாரணத்துக்கு எடுத்தது, எந்த வீதம் எண்டதிலயே ரெண்டு பக்கமும் சண்டை பிடிப்பம். அதுக்கு மேல மனுசனுக்கு வேற வருத்தம் வந்திருக்கலாம், வேலை கிடைக்காத மாசம் இருந்திருக்கலாம் எண்டு ஒரு 15 வீதம் கழிச்சால் 28 லட்சத்து 61 ஆயிரம். இதோட வேலை இல்லாத 5 மாசக் காசு, மருந்து, போக்குவரத்து எண்டு ஒரு 1 லட்சத்து 40 ஆயிரம், பிறகு நோவும் வேதனையும், பிள்ளையைத் தூக்க ஏலாது, சம்மணம் கட்டி இருக்க ஏலாது, இதுகளுக்கு ஒரு 5 லட்சம் எண்டு போட்டால் மொத்தம் 38 லட்சத்து 86 ஆயிரம். என்வலப்பில வந்த 50,000ஐ இப்ப ஒருக்கா நினைச்சுப் பாருங்க.

இது கிடைக்கிற காசு எண்டு நான் சொல்லேல்ல. இது கேக்கக்கூடிய காசு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால ஒரு கடுதாசி இருந்தால்.

கடுதாசி எண்ட இடத்திலதான் எங்கட ஊரில எல்லாம் உடையிறது. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளச் சிட்டை இருக்கு, மேசனுக்கு என்ன இருக்கு, ஓட்டோ ஓடுற தம்பிக்கு என்ன இருக்கு? திருக்கடலூர்ப் பக்கம் ஒரு அண்ணன், தோள்மூட்டு போய் வலை இழுக்க ஏலாமப் போன ஆள், "வருமானத்துக்கு என்ன ஆதாரம் அண்ணே இருக்கு" எண்டு கேட்டன், ஒண்டும் இல்ல மிஸ் கடலில ஆர் சம்பளச் சிட்டை தாறது எண்டு சிரிச்சார். அடுத்த கிழமை மனுசி ஒரு சீ.ஆர். கொப்பியோட வந்தா. உப்புத் தண்ணி பட்டு மட்டை ஊதிப்போய் இருக்கு, உள்ளுக்குத் திகதி போட்டு மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு, ஐசுக்கு இவ்வளவு, மீன் வித்தது இவ்வளவு, பங்கு இவ்வளவு எண்டு 3 வருசத்துக் கணக்கு, இடைக்கிடை மீன் முதலாளி குடுத்த துண்டுகளும் ஸ்டேப்ளர் அடிச்சு. அவ அதைப் பொருட்டாவே நினைக்கேல்ல, கடன் கணக்குப் பாக்க எழுதினதாம். நான் அண்டைக்குப் பட்ட சந்தோசம் கொஞ்சநஞ்சம் இல்ல. கொப்பியில இருந்த மணம் ரெண்டு நாளா என்ர அலுமாரிக்க நிண்டது, அது வேற கதை.

அந்தக் கொப்பியிலயும் ஒரு பாடம் இருக்கு. மே, ஜூன் மாசக் கணக்கை மட்டும் காட்டினால் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பி முதல் கேக்கிற கேள்வி "டிசம்பர்ல எத்தனை நாள் கடலுக்குப் போனீர்?" வாடை அடிக்கிற மாசத்தில எங்கட கரையில எத்தனை நாள் போட் இறங்கும் எண்டு நீதிபதிக்கும் தெரியும். அதனால 12 மாசத்தையும் காட்டி சராசரியை எடுக்கிறதுதான் நிக்கும். இன்னொரு சிக்கல், 2023ல அஸ்வெசும எண்ட அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்த நேரம் போர்மில மாச வருமானம் 15,000 எண்டு எழுதிக் குடுத்த ஆள் இப்ப கோட்டில வந்து 77,000 எண்டு சொன்னால் என்ன செய்யிறது? நான் வாயைத் திறக்கவே ஏலாது. இதை முதல் நாளே எனக்குச் சொல்லுங்க, கோட்டில வச்சுத் தெரிய வந்தால் காலில பட்ட அடியைவிட அது பெரிய அடி.

அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம் எண்டதால பில் இல்ல, அதனால செலவே இல்ல எண்டு ஆக்கள் நினைக்கினம். கண்டிக்குக் கொண்டுபோக வான் பிடிச்சது, வெளியில எடுத்த ஸ்கேன், டொக்டரை சனல் பண்ணினது, கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் ஓட்டோவில போனது எல்லாம் செலவுதான். ஓட்டோக்காரத் தம்பியிட்ட ஒரு துண்டில திகதி, தூரம், காசு, ஓட்டோ நம்பர், கையெழுத்து எண்டு வாங்கி வைங்க. டிஸ்சார்ஜ் ஆகேக்குள்ள தாற டயக்னோசிஸ் கார்டைத் துலைச்சிடாதீங்க, அதில இருக்கிற பி.எச்.டி. நம்பர், அதாவது வார்ட்டில உங்கட பேரில திறக்கிற பெட் ஹெட் டிக்கெட்டின்ர நம்பர்தான் பிறகு ஆஸ்பத்திரியில உங்கட கோப்பைத் தேடி எடுக்கிற திறப்பு. பொலிஸ் குடுக்கிற படிவத்தோட சட்ட வைத்திய அதிகாரியிட்டக் கட்டாயம் போய்க் காட்டுங்க, அவர் எழுதிற அறிக்கைதான் கோட்டுக்கு வாறது. எலும்பு முறிஞ்சிருந்தால் தண்டனைச் சட்டக்கோவை 311ஆம் பிரிவின்படி அது பாரதூரமான காயம், சரி, ஆனா அது குற்ற வழக்குக்கு. காசுக் கணக்குக்கு வேண்டியது நிரந்தரக் குறைபாடு எவ்வளவு எண்ட வைத்தியக் கருத்து, அது காயம் ஆறி நிலைக்கு வந்த பிறகுதான் சரியா வரும், அதாலதான் மூண்டாம் மாசத்தில கணக்கை முடிக்காதீங்க எண்டு சொல்லுறன். அதோட டொக்டர் 20 வீதம் எண்டு எழுதினால் வருமானமும் 20 வீதம் குறைஞ்சது எண்டு அர்த்தம் இல்ல. சுட்டு விரல் மடிக்க ஏலாட்டி தையல்காரருக்குத் தொழிலே போச்சு, எனக்கெண்டால் கொஞ்சம் மெதுவா டைப் பண்ணுவன், அவ்வளவுதான்.

பிழை ஆற்ற பக்கம் எண்ட கேள்வி அடுத்தது. 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு உங்கட பக்கமும் கொஞ்சம் பிழை இருந்தால் முழுக்காசும் போகாது, பிழையின்ர அளவுக்குக் குறைப்பாங்கள். எங்கட மேசன் பின்லைட் இல்லாத பைக்கில பொழுதுபட்ட நேரம் நிலாவெளி றோட்டால வந்தவர் எண்டு வைங்க, கோட் 20 வீதம் அவரில போட்டால் 38 லட்சத்து 86 ஆயிரம் 31 லட்சம் அளவுக்கு இறங்கும். ஆனா ஹெல்மெட் போடேல்ல எண்டு மட்டும் சொல்லி காலில பட்ட காயத்துக்குக் காசு குறைக்கச் சொன்னால் அது சரிவராது, ஹெல்மெட் காலைக் காப்பாத்தாது. பைக்கில பின் சீட்டில இருந்து வந்த ஆள் எண்டால் ஓடினவரின்ர பிழையை அவரில போட ஏலாது, ரெண்டு வாகனக்காரரிட்டயும் கேக்கலாம். பிறகு எங்கட ஊருக்கே உரிய ஒரு சாட்டு இருக்கு, "மான் குறுக்க பாஞ்சிட்டுது." டவுனுக்குள்ள புள்ளிமான் திரியிறதும் கந்தளாய் றோட்டில மாடு படுத்திருக்கிறதும் இங்க ஓடுற ஆருக்குத் தெரியாது? தெரிஞ்ச இடத்தில மெதுவா வரவேண்டியது டிரைவரின்ர கடமை, நான் அந்தச் சாட்டை லேசில விடமாட்டன்.

இப்ப எனக்கு மனசு நோகிற விசயம். ஒரு ஐயா மூதூரில இருந்து வந்தவர், இடுப்பெலும்பு முறிஞ்ச ஆள், கடுதாசி எல்லாம் பக்காவா ஒரு பைலில. திகதியைப் பாத்தன், விபத்து நடந்து 2 வருசமும் 3 மாசமும். "நீதவான் கோட்டில வழக்கு நடந்தது தானே மிஸ், டிரைவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினது போன மாசம்தான்" எண்டார். அந்தத் தண்டம் அரசாங்கத்துக்குப் போற காசு. நீதவான் நினைச்சால் காயப்பட்ட ஆளுக்கும் ஒரு தொகை குடுக்கச் சொல்லலாம், ஆனா அது இந்தக் கணக்கு இல்ல. சிவில் வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 9ஆம் பிரிவில 2 வருசம், அது விபத்து நடந்த நாளில இருந்து ஓடுது, பொலிஸ் வழக்கு முடியிற வரைக்கும் காத்திருக்காது. அவருக்கு அதுக்கிடையில ஒரு இன்சூரன்ஸ் ஆள் "கேஸ் முடியட்டும் ஐயா, பிறகு பாப்பம்" எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அந்த பைலைத் திருப்பிக் குடுத்த நாள் மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல.

இன்சூரன்ஸ் எண்டதும் ஒண்டு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாம வாகனம் றோட்டில ஓட ஏலாது, மோட்டார் வாகனச் சட்டத்தில கட்டாயம். ஆனா கம்பனி தீர்ப்புக் காசைக் கட்ட வேணும் எண்டால் வழக்குப் போட முதல், இல்லாட்டி போட்டு 7 நாளுக்குள்ள அவைக்கு அறிவித்தல் போயிருக்க வேணும், அது 106ஆம் பிரிவு. இது சட்டத்தரணியின்ர வேலைதான், இருந்தாலும் எந்தக் கம்பனி எண்டு தெரியாட்டி நான் ஆருக்கு அனுப்பிறது? விபத்து நடந்த இடத்திலயே கண்ணாடியில ஒட்டியிருக்கிற லைசனையும் இன்சூரன்ஸ் கார்டையும் நம்பர் பிளேட்டையும் ஆராவது போனில படம் எடுத்து வைங்க. கனபேர் ஓப்பன் பேப்பரில வாகனம் வாங்கி ஓடுறாங்கள், பேர் ஒருத்தரில, ஓடுறது இன்னொருத்தர், அந்த ஒரு படம் மாசக்கணக்கா அலையிறதை மிச்சம் பிடிக்கும்.

ஆள் செத்துப்போன விபத்துக்குக் கணக்கு வேற, அதைப் பிறகொருக்கா வடிவா எழுதுறன். 2019ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு உழைப்பு இழந்ததுக்கு மட்டுமில்ல, அன்பும் துணையும் இழந்ததுக்கும் குடும்பம் கேக்கலாம் எண்டதை மட்டும் இப்ப சொல்லி வைக்கிறன். சட்டத்தரணிக்குக் குடுக்கக் காசில்ல எண்டு வீட்டில இருக்கிற ஆக்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில போய்க் கதைச்சுப் பாருங்க.

தம்பலகாமத்து அக்காவுக்குத் திரும்ப வாறன். எக்ஸ்ரேயைக் கவருக்குள்ள வச்சுக் குடுத்திட்டு, மனுசன் கூலி வாங்கின கொந்தராத்துக்காரர் ஆர், அவரிட்டக் கொப்பி இருக்கோ எண்டு கேட்டன். "அவர் எங்கட மாமாதான் மிஸ், கொப்பி இருக்கும், ஆனா தருவாரோ தெரியாது, அவருக்கும் எங்களுக்கும் கதை பேச்சு இல்ல" எண்டா. சரி அக்கா, முதல் வேலை மாமாவோட ராசியாகிறது எண்டு சொல்லி அனுப்பினன். நேற்று போன் பண்ணினவ, மாமா கொப்பியைத் தந்திட்டாராம், ரெண்டு பக்கம் மட்டும் கிழிஞ்சிருக்காம்.