செயற்கைக்கோளைத் திட்டாதீர்கள்

மேற்கூரை நசுங்கிய சரக்கு வண்டியொன்று, இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, பெங்களூரு ஜே.சி. சாலையிலுள்ள எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. ஓசூரிலிருந்து சரக்கேற்றி வந்த ஓட்டுநர், ரயில்வே அண்டர்பாஸுக்கு முன்னாலிருந்த இரும்புச் சட்டத்தில் இடித்துவிட்டு, "சாட்டிலைட் தப்பான வழியக் காட்டிடுச்சு சார்" என்றார். வண்டிகளுக்கு வழிகாட்டிக் கருவி பொருத்தியே பிழைக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

செயற்கைக்கோளுக்குச் சாலையே தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், நேரத்தையும் தங்கள் சுற்றுப்பாதை விவரத்தையும் வானொலி நிலையம்போல ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. கேட்பவர் யார், ஓட்டுவது லாரியா ஆட்டோவா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. அந்த அலைகளை வைத்து உங்கள் கைப்பேசிதான் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. சாலையும் ஒருவழியும் திருப்பத் தடையும் நீங்கள் இறக்கி வைத்த வரைபடக் கோப்பில் இருப்பவை. ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ், நாவிட் ஆகிய திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) வழிகாட்டி மென்பொருள்களில் நாம் பயன்படுத்துவது, 2004 முதல் தன்னார்வலர்கள் தொகுத்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு. இணையமின்றியும் வழி காட்டுவது இவற்றின் பெருமை. கோப்பைப் புதுப்பிக்க நாம் மறந்துபோவதற்கும் அதுவே காரணம். இந்த ஓட்டுநருடைய கோப்பின் வயது 14 மாதம்.

மென்பொருளில் அவர் வைத்திருந்த வாகன வகையோ 'கார்' என்றே இருந்தது! ஓஸ்மாண்டில் லாரி வகையைத் தேர்ந்தெடுத்து, வண்டியின் உயரத்தையும் எடையையும் குறிப்பிடுங்கள். ஆர்கானிக் மேப்ஸில் லாரிக்கென வகையே கிடையாது என்பதால், கனரக வண்டிக்கு அதை நம்பாதீர்கள். பெங்களூருவின் சில்க் போர்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே, நீங்கள் மேம்பாலத்தில் போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதில் எந்தக் கருவியும் தடுமாறும். அங்கே திரையைவிட்டுப் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

இத்தனையும் செய்தாலும், ஓர் அண்டர்பாஸின் உயரத்தை யாரும் வரைபடத்தில் பதியாதிருந்தால், மென்பொருள் அதைத் தடையற்ற வழியாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே, வழியில் உயரப் பலகையைக் கண்டால், வண்டியை ஓரங்கட்டி ஒரு படமெடுத்து வையுங்கள், அண்ணன்மாரே. பதிவதற்கு எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இவர் இடித்த இடத்திலும் உயரம் பதியப்படாமலே இருந்தது. காப்பீட்டுக்காக அவர் எடுத்திருந்த படத்தில், வளைந்த சட்டத்தின் மேல் '3.2 மீ' என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று மாலை பதிந்தேன்.