உழாத நிலமும் இரண்டாவது பையும்

"அஞ்சு வருசமா கலப்பையே இறக்கல சார், கரிமச்சத்து ஏறியிருக்கான்னு பாருங்க" என்று பையில் மண்ணோடு ஒரு விவசாயி வந்தார். கரிமச்சத்து என்றால் மண்ணின் மக்கிய பொருளில் இருக்கும் கார்பன். பரிசோதித்துப் பார்த்தேன், ஏறியிருந்தது. சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினேன். பிறகு அவர் தோட்டத்துக்கே போய், அதிலும் பக்கத்து உழவு வயலிலும் இரண்டடி வரை தோண்டியபோதுதான் நான் அவசரப்பட்டது தெரிந்தது. மேல் அரையடியில் இவர் மண் முந்தியது. அதற்குக் கீழே உழுத வயல் முந்தியது. கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் மர்மம் ஏதுமில்லை. உழாவிட்டால் தட்டையும் சருகும் மேலேயே கிடந்து மக்கும். உழுதால் கலப்பை இறங்கும் ஆழம் வரை புதையும். நாமோ பரிசோதனைக்கு 15 செ.மீ. குழியில்தான் மண் எடுக்கிறோம். உரச் சிபாரிசுக்கு அது போதும், கார்பன் கணக்குக்குப் போதாது. போதாக்குறைக்கு, உழாத மண் கொஞ்சம் இறுகும். அதே அளவு குழியில் கூடுதல் எடை மண் வரும், கணக்கும் ஏறிவிடும்.

அப்படியானால் உழவால் கார்பன் போவதில்லையா? போகிறது. மண்ணின் குருணைக் கட்டிகளுக்குள் பொதிந்திருக்கும் மக்கை, அதாவது மக்கிய தாவரப் பொருளை, நுண்ணுயிர்கள் எளிதில் நெருங்க முடியாது. டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் அந்தக் கட்டியை மாவாக்கிக் காற்றையும் உள்ளே விடுகிறது. நுண்ணுயிர்கள் தின்று, கார்பன் டை ஆக்சைடாக மூச்சு விடுகின்றன. நம் வெயிலில் இது இன்னும் வேகம். 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்றார்கள். பொய்யில்லை. உழுது காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் மக்கு சிதைந்து தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கும், பயிர் கருகருவென்று எழும். ஆனால் அன்றைக்கு வயலில் ஆட்டுக் கிடை கட்டி, கொளுஞ்சித் தழையை மிதித்து, எடுத்ததைத் திருப்பிப் போட்டார்கள். நாம் நாலு ஓட்டு ஓட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

காவிரி டெல்டாவுக்கு உழாத விதைப்பு புதிதல்ல. சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். மண் மெழுகு போல ஈரமாக இருக்கும் பதத்தில் முளைத்து, பனியிலேயே தேறிவிடும். ஆடுதுறை 3 உளுந்து இதற்குப் பேர்போனது. (அறுவடை இயந்திரச் சக்கரத்தில் முளை நசுங்குகிறது என்று பலர் விட்டுவிட்டது தனிச் சோகம்.) ஆனால் அதே வயலைக் குறுவைக்குச் சேறடித்துவிடுகிறோம். ஆகவே அதை உழவில்லா நிலம் என்று சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கும் வயலில் காற்று குறைவு, மக்கு மெதுவாகத்தான் சிதையும். பதிலுக்கு மீத்தேன் கிளம்பும்.

மண்ணில் கார்பனைச் சேர்த்தால் பணம் தரும் கார்பன் கிரெடிட் பேச்சோடு யாராவது உங்கள் ஊருக்கும் வரலாம். ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 800 டன். கரிமச்சத்து 0.5-லிருந்து 0.6 சதவீதமானால் ஏறியது 800 கிலோ கார்பன், கார்பன் டை ஆக்சைடு கணக்கில் 3 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதை மக்காக நிறுத்திவைக்க 65 கிலோ தழைச்சத்தாவது உள்ளே பூட்டப்பட வேண்டும். இவ்வளவும் பத்திரமாக இருக்க வருடக்கணக்கில் மண்ணைக் கிளறக் கூடாது.

அதோடு, கார்பன் வருவது உழாமையிலிருந்து இல்லை, வேரிலிருந்தும் தட்டையிலிருந்தும்தான். வைக்கோலைக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றிவிட்டுக் கலப்பையை மட்டும் நிறுத்தினால் எதிலிருந்து ஏறும்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த விவசாயி, "அப்ப திரும்ப உழச் சொல்றீங்களா?" என்றார். இல்லை. மேல் அரையடி கறுத்ததே லாபம்தான். மழை மண்ணை அடித்துப் போவதில்லை, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, மண்புழு வந்திருக்கிறது, டீசல் மிச்சம். மானாவாரி மேட்டு நிலத்தில் இதுவே பெரிது. இறுகிய களிமண் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை ஓட்டுவதில் தப்பில்லை. ரோட்டவேட்டரை முதலில் குறையுங்கள், தழை மூடாக்கும் பசுந்தாள் உரமான சணப்பையும் சேருங்கள் என்றேன்.

இப்போது அவர் இரண்டு பைகளோடு வருகிறார். ஒன்றில் மேல் அரையடி மண், மற்றதில் அதற்குக் கீழ் அரையடி. அதே இடம், அதே மாதம். நீங்களும் அப்படியே கொண்டுவாருங்கள்.